எலிஸ்பாட் பாசிட்டிவா இல்லையா: கட்-ஆஃப் விதியா, புள்ளியியல் சோதனையா?

எலிஸ்பாட் என்பது ரத்த செல்களைச் சிறு குழிகள் (வெல்கள்) கொண்ட பிளேட்டில் போட்டு, எதிர்வினை காட்டும் செல் ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகக் காட்டும் சோதனை. அந்தப் புள்ளிகளை எண்ணுவது இப்போது பெரிய வேலையே இல்லை, ரீடர் கருவி எண்ணித் தந்துவிடும். எண்ணி முடித்த பிறகு, ரத்தம் கொடுத்தவருக்கு டி செல் (நோய் எதிர்ப்பு செல்) எதிர்வினை இருக்கிறது என்று எந்த விதியை வைத்துச் சொல்வது என்பதில்தான் லேபுக்கு லேப் தகராறு.

பழகிப்போன வழி கட்-ஆஃப், அதாவது இத்தனை புள்ளி வந்தால் பாசிட்டிவ் என்ற நிலையான எல்லை. மருந்து நிறுவனமான மெர்க்கின் எச்ஐவி தடுப்பூசி ஆய்வுகளில் 10 லட்சம் செல்லுக்குக் குறைந்தது 55 புள்ளி, கூடவே கன்ட்ரோலைப் (தூண்டுபொருள் சேர்க்காத வெல்) போல 4 மடங்கு, இரண்டும் இருந்தால் பாசிட்டிவ் என்று வைத்திருந்தார்கள். எளிது, வேகம், யாருக்கும் விளக்கிவிடலாம். ஆனால் இந்த விதி சராசரியை மட்டுமே பார்க்கும். வெல்லுக்கு 2 லட்சம் செல் போட்டிருக்கிறோம், கன்ட்ரோல் வெல் மூன்றில் 1, 2, 3 புள்ளிகள், பெப்டைடு (டி செல்லைத் தூண்டும் சிறு புரதத் துண்டு) போட்ட மூன்றில் 0, 2, 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 14, அதாவது 10 லட்சத்துக்கு 70, கன்ட்ரோலைப் போல 7 மடங்கு. விதிப்படி ஜம்மென்று பாசிட்டிவ்! பிளேட்டை நேரில் பார்த்தவர் எவரும் அந்த 40-ஐ நம்ப மாட்டார். இன்னொருவருக்கு, அதே கன்ட்ரோலுடன், 9, 10, 11. மூன்று வெல்லும் ஒரே கதையைச் சொல்கின்றன, ஆனால் 10 லட்சத்துக்கு 50தான் வருகிறது, எனவே நெகட்டிவ்.

புள்ளியியல் வழி இங்கேதான் ஜெயிக்கிறது. பெப்டைடு ஒன்றும் செய்யவில்லை என்றால் எந்த எண் எந்தப் பக்கம் விழுந்தது என்பது தற்செயல்தான், அதைத்தான் இது சோதிக்கிறது. கன்ட்ரோல், பெப்டைடு இரண்டின் ஆறு எண்களையும் கலைத்து மூன்று மூன்றாகப் பிரிக்க 20 வழி உண்டு. 9, 10, 11 வந்தவருக்கு இவ்வளவு பெரிய வித்தியாசம் தருவது அதில் ஒன்றே ஒன்று, பி மதிப்பு (தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பு) 0.05. அந்த 0, 2, 40-க்கோ 9 பிரிப்புகள் அதே அளவோ கூடுதலோ தருகின்றன, பி மதிப்பு 0.45, ஆள் அவுட்.

சரி, இதிலும் ஓட்டை இருக்கிறது. மூன்றுக்கு மூன்று வைத்தால் 0.05-க்குக் கீழே போகவே முடியாது, பெப்டைடு பூல்கள் (கலவைகள்) நிறைய இருந்து பல ஒப்பீட்டுத் திருத்தமும் (பல சோதனை செய்வதால் எல்லையைக் கடுமையாக்குவது) செய்தால் எதுவுமே தேறாது. கன்ட்ரோலை 6 வெல்லாக்கினால் 84 பிரிப்புகள், 0.012 வரை இறங்கலாம். செலவு மூன்று வெல்தான், தாராளமாகச் செய்யுங்கள். அப்புறம், கன்ட்ரோல் 20, 21, 22, பெப்டைடு 30, 31, 32 என்றால் சோதனை தேறிவிடும், ஆனால் வெறும் ஒன்றரை மடங்கை எதிர்வினை என்று சொல்ல எனக்கு மனசு வராது. சியாட்டிலின் ஃபிரெட் ஹட்ச் மையத்தில் ஜோயி மூடியும் சகாக்களும் கொண்டுவந்த டிஎஃப்ஆர் 2எக்ஸ் என்ற புள்ளியியல் சோதனை இதற்குத்தான்: கன்ட்ரோலைவிடக் கூடுதலா என்று கேட்காமல், அதன் இரு மடங்கைத் தாண்டுகிறதா என்று கேட்கும். தடுப்பூசி ஆய்வு என்றால் என் ஓட்டு இதற்கே. எந்த விதி என்பதைத் தரவைத் திறப்பதற்கு முன்பே எழுதிவைத்துவிட வேண்டும், பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பது போங்காட்டம்.

நோயாளி ரத்தம் என்றால் கதை வேறு. டி-ஸ்பாட் டிபி என்ற காசநோய் எலிஸ்பாட் பரிசோதனையில் கன்ட்ரோலுக்கும் ஒவ்வொரு பேனலுக்கும் (பெப்டைடு கலவை) ஒரே ஒரு வெல்தான், எதைக் கலைப்பது? அங்கே நிலையான எண்தான் சரி. அதுவும் ஊருக்கு ஊர் மாறும்: கன்ட்ரோலில் பூஜ்யம், பேனலில் 6 புள்ளி என்றால் ஐரோப்பிய அளவுகோலில் பாசிட்டிவ், அமெரிக்காவில் 8 வேண்டும், 5 முதல் 7 வரை இரண்டுங்கெட்டான் என்று புது ரத்தம் எடுத்து மறுபடி செய்யச் சொல்வார்கள்.