பிஸ்க் சூடு: தணிவாகவா, உச்சத்திலா, வேண்டவே வேண்டாமா?

கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேற்பூச்சு, பூசுவதற்கு முன் கலத்தை வெறும் மண்ணாகவே ஒருமுறை சுட்டெடுப்பது பிஸ்க் சூடு. இதைத் தணிந்த வெப்பத்தில் முடிப்பவர்கள் உண்டு; உச்சத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு; அப்படி ஒரு சூடே தேவையில்லை என்பவர்களும் உண்டு. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கணக்கு. சூளைக்குள் கலம் சுருங்கும், கோணும், சில சமயம் வெடிக்கும். அந்த நட்டத்தை எந்தக் கட்டத்தில் ஏற்றுக்கொள்வது?

இன்றைய ஸ்டூடியோ குயவர்களில் பெரும்பாலோர் முதல் வகை. 1000 டிகிரி செல்சியஸை ஒட்டி ஒரு சூடு, பிறகு கிளேஸோடு 1200க்கு மேல் இன்னொன்று. ஜெர்மனியின் மைசன் பீங்கானும் இதே வரிசைதான். அங்கே இரண்டாம் சூடு 1400 வரை ஏறும். முதல் சூட்டில் மண் கெட்டிப்படுகிறது, நுண்துளைகள் மட்டும் மூடுவதில்லை. கிளேஸ் கரைசலில் சில நொடி முக்கினால் போதும், கலம் நீரை உறிஞ்சிக்கொள்ள, தூள் சீராகப் படிந்துவிடும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் உடையாது. ஆனால் பெருஞ்சுருக்கம் முழுவதும் இரண்டாம் சூட்டில்தான். கோணப்போகிற தட்டு, கிளேஸையும் சித்திரத்தையும் விறகையும் விழுங்கிவிட்டுத்தான் கோணும்.

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் பகுதியில் உருவான போன் சைனா இந்த வரிசையைப் புரட்டிப்போட்டது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜோசையா ஸ்போட் செம்மைப்படுத்திய கலவை அது: ஏறக்குறைய பாதி எலும்புச் சாம்பல், மீதியில் வெள்ளைக் களிமண்ணும், சூட்டில் உருகி உடலை இறுக்கும் கார்னிஷ் கல்லும். பிஸ்க் சூடே 1240 டிகிரி அளவில். கிளேஸ் சூடு 1100க்கும் கீழே. இளகும் நேரத்தில் கலத்தின் மேல் கிளேஸ் இல்லாததால் எதிலும் ஒட்டாது. இந்தச் சூட்டில் உருகாத அலுமினாத் தூளில் புதைத்தோ தாங்கு அச்சில் உட்காரவைத்தோ வடிவத்தைக் காப்பாற்றலாம். கோணியதைக் கிளேஸ் செலவுக்கு முன்பே கழித்துவிடலாம். தொழிற்சாலைக்கு இதைவிட என்ன வேண்டும்? தணிந்த இரண்டாம் சூட்டில் வண்ணங்களும் கூடுதலாகத் தப்பிப் பிழைக்கும். சிக்கல் வேறிடத்தில். துளை மூடிய கலம் நீரை உறிஞ்சாது. கலத்தைச் சூடாக்கியோ கிளேஸைக் கெட்டியாக்கியோதான் பூச வேண்டும். தணிந்த வெப்பக் கிளேஸ் மென்மையானது, கத்திக் கீறலுக்கு இடம்கொடுக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இந்த உத்தி அந்த மண்ணோடு பிறந்தது. எலும்புச் சாம்பல் உடல் வெப்பத்தில் அதிகம் விரிவதால் இத்தகைய கிளேஸோடு பொருந்துகிறது. கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு ஸ்டோன்வேர் மண்ணில் (உயர்வெப்பத்தில் கல்போல் இறுகும் மண்) இதையே செய்தால் கிளேஸ் வலைவலையாக விரிசலிடும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது வழி சீனத்தின் ஜிங்டெஜென்னுடையது. காய்ந்த, இன்னும் சுடாத பசுமட்கலத்தின் மேலேயே கோபால்ட் நீலத்தில் வரைந்து, மேலே கிளேஸ் பூசி, 1300 டிகிரிக்கு அருகில் ஒரே சூடு. எரிபொருள் மிச்சம், மறுக்க முடியாது. ஆனால் நீர் பட்டால் குழையும் கலத்துக்கு நீர்க்கரைசலைப் பூசுவது லேசான வேலையா? பெரிய கலங்களுக்கு, மெல்லிய துணி கட்டிய மூங்கில் குழாயால் கிளேஸை ஊதினார்கள். அடியில் ஒரு மண்கட்டியைக் கைப்பிடியாக விட்டுவைத்து, பூசி முடித்த பிறகே பாதத்தைச் செதுக்கினார்கள். தலைமுறைப் பழக்கம் உள்ள கைகளுக்கு உரிய வழி இது. சீனத்திலேயே தடித்த கிளேஸ் வேண்டியபோது, சோங் அரசமரபுக் காலத்து ரூ என்ற வகைக் கலங்களுக்கு பிஸ்க் சூடு போட்டார்கள். ஜப்பானின் பீங்கான் ஊரான அரிட்டாவும் பச்சையாகப் பூசித் தொடங்கி, 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பிஸ்க் பக்கம் நகர்ந்தது.

வீட்டில் சிறு மின்சூளை வைத்திருப்பவருக்கு என் ஓட்டு முதல் வழிக்கே, அகலத் தட்டுகள் செய்யாதவரை. 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் படிகம் திடீரென விரிவதால் அந்தப் பகுதியை மெதுவாகக் கடக்க வேண்டும். 700 முதல் 900 வரை அவசரப்பட்டால் மண்ணிலுள்ள கரி எரிந்து தீராது. பின்னால் கிளேஸில் ஊசித்துளையாகவோ உடலில் கொப்புளமாகவோ தலைகாட்டும். கிளேஸ் தடித்துப் படிந்தால் அடுத்த பிஸ்க்கை இருபது முப்பது டிகிரி ஏற்றுங்கள், மெலிந்தால் அதே அளவு இறக்குங்கள்.