வெள்ளவத்தையில் கழுத்து இரத்தக்குழாய் ஸ்கான்: ஓர் அனுபவ மதிப்பீடு

அம்மாவுக்குச் சில நிமிடங்கள் வலக்கை மரத்துப்போனதால், வைத்தியரின் கடிதத்துடன் காலி வீதியை அண்டிய தனியார் ஸ்கான் நிலையமொன்றுக்கு அழைத்துச் சென்றேன். பரிசோதித்தவர் அவசரப்படவில்லை, தலையணையை அகற்றி, முகத்தைச் சற்றே மறுபக்கம் திருப்பச் சொல்லி, இருபுறத்துக் கழுத்து நாடிகளையும், முள்ளந்தண்டை ஒட்டி மூளைக்கு ஏறும் குழாய்களையும் நிதானமாக அளந்தார். ஸ்கான் கருவி அனுப்பும் ஒலிக்கற்றைக்கும் இரத்த ஓட்டத்துக்கும் இடையிலான கோணம் 60 பாகையைத் தாண்டினால் வேகக் கணிப்புப் பிழைத்துவிடும் என்பதால், ஒவ்வொரு அளவீட்டிலும் அதைச் சரிபார்த்தது எனக்குப் பெரும் நம்பிக்கையைத் தந்தது. அறையும் சுத்தமாக இருந்தது.

குறை அறிக்கையில்தான் இருக்கிறது. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் உட்கழுத்து நாடியில் இரத்த ஓட்டத்தின் உச்ச வேகம் செக்கனுக்கு 88 சென்ரிமீற்றர் என்று எழுதியவர்கள், அமெரிக்காவில் 2003இல் வெளியான நிபுணர் இணக்கப்பாட்டின்படி அது 125க்குக் குறைவாகவும் குழாய்ச் சுவரில் கொழுப்பு முதலியவற்றின் படிவு இல்லாமலும் இருந்தால் இயல்பானது என்ற ஒப்பீட்டை எங்குமே குறிக்கவில்லை. வயதுடன் இந்த வேகம் மாறுவதால், வயதுக்குரிய இயல்பு எல்லையையும் பக்கத்தில் தருவது அவசியம் என்றே கருதுகிறேன். வீடு வந்து சேரும்வரை, அந்த 88 நல்லதா கெட்டதா என்று அம்மா கேட்டுக்கொண்டே வந்தார்.