சர்க்கரை மாத்திரைக்கு எந்த வாசலில் நிற்பது?

பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா ஒரு நாள் காலையில் முறத்தின் மேலேயே சாய்ந்துவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை, கையில் நடுக்கம், பேச்சில் குழறல். பக்கத்து வீட்டு மதினி சீனித் தண்ணீர் கரைத்துக் குடிக்க வைத்த பிறகுதான் தெளிந்தார். மாத்திரை வைத்திருந்த மஞ்சள் பையைத் தரையில் கொட்டியபோது காரணம் புரிந்தது. தனியார் மருத்துவர் எழுதிக் கொடுத்த பளபளப்பான அட்டை ஒன்று, விற்பனைக்கல்ல என்று அச்சிட்ட அரசு அட்டை ஒன்று. மேலே பெயர்தான் வேறு. உள்ளே இரண்டிலும் சர்க்கரையைக் குறைக்கும் ஒரே மருந்து, கிளிமிபிரைடு. “அது ஆஸ்பத்திரி மாத்திரை, இது டாக்டர் மாத்திரை” என்று இரண்டையும் விழுங்கி வந்திருக்கிறார்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பீடிக் கிராமங்களில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அரசு மருத்துவம் பல வாசல்களில் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு வாசலுக்கும் எஜமானர் வேறு. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறை இயக்குநரகத்தின் கையில். அம்பாசமுத்திரம் அரசு மருத்துவமனை போன்றவை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கையில். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி மருத்துவக் கல்வியின் கீழ் வருகிறது. பீடித் தொழிலாளர்களுக்கான மருத்துவமனையும் மருந்தகங்களும் மத்தியத் தொழிலாளர் துறையைச் சேர்ந்தவை. ஒரு வாசலில் எழுதியது அடுத்த வாசலுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி நோயாளி வெறுங்கையோடு போக முடியாது.

ஹைகிரவுண்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் முதலில் வாயில் வருவது அதுதான். 1965-இல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த மருத்துவமனை. 2019-இல் தென்காசி தனி மாவட்டமான பிறகும் கடையத்துக்காரரும் ஆலங்குளத்துக்காரரும் அங்கேதான் பஸ் ஏறுகிறார்கள். காலில் உணர்ச்சி போனாலோ, கண் மங்கினாலோ, சிறுநீரகம் பழுதானாலோ அங்கே போகத்தான் வேண்டும். மாதா மாதம் மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வாங்க மட்டும் அங்கே போவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது உண்மை. ஆனால் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, மறு பஸ் பிடித்து, சீட்டுக்கு ஒரு வரிசை, மருத்துவருக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை என்று நின்று திரும்பினால் அன்றைக்குச் சுற்ற வேண்டிய பீடி அப்படியே கிடக்கும். எண்ணிக்கைக்குத்தான் கூலி. பஸ் இலவசம், நாள் இலவசமில்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பலர் தடுப்பூசிக்கும் பிரசவத்துக்கும் உரிய இடமாகவே நினைக்கிறார்கள். சமவெளியில் முப்பதாயிரம் பேருக்கு ஒன்று, மலையில் இருபதாயிரம் பேருக்கு ஒன்று என்பது அதன் அளவுகோல். சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் தேவையான அடிப்படை மாத்திரைகளெல்லாம் அங்கே உண்டு. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் மொத்தமாக வாங்கி அனுப்புகிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக், அதில் இவ்வளவு ரூபாய்க்கு மருந்து என்று ஒதுக்கீடு. மாவட்டக் கிடங்கிலிருந்து எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டே வருவார்கள். ஆக, யாருக்கு எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டிக் கணக்குப் போட்டுக் கேட்கும் நிலையத்தில் மாத்திரை தட்டுவதில்லை. கணக்கில் கோட்டை விட்டால் பாதி மாதத்துக்குக் கொடுத்து, அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். இந்த அலைச்சலில் அலுத்துத்தான் பெரியம்மா தனியாரிடமும் போனார்.

வீடு தேடி வருவது மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் திண்ணையில் உட்கார்ந்து அழுத்தம் பார்த்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். வயலுக்கோ ஆலைக்கோ போகிறவர் வீட்டில் அகப்பட மாட்டார். பீடி சுற்றுகிறவர் நாள் முழுக்கத் திண்ணையில்தான் இருப்பார். இந்தத் தொழிலுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற திட்டம். மலையில் காரையாற்றுக்கு மேலே இஞ்சிக்குழி போன்ற காணிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு இதை விட்டால் வேறு பேச்சே இல்லை. எனக்கு இருக்கும் மனக்குறை ஒன்று. மாத்திரை வாசலுக்கே வந்துவிட்டால் மருத்துவரைப் பார்க்கும் எண்ணமே போய்விடுகிறது. விரல்நுனி ரத்தம் அன்றைய சர்க்கரையைச் சொல்லும். மூன்று மாதச் சராசரியைச் சொல்லாது. சிறுநீரில் புரதம் இறங்குகிறதா, பாதத்தில் புண் இருக்கிறதா என்று திண்ணையில் யாரும் பார்ப்பதில்லை.

பீடித் தொழிலாளர் மருத்துவமனைக்கு அடையாள அட்டை வேண்டும். அது இல்லாமல் வேறொருவர் பெயரில் சுற்றுகிற பெண்களுக்கு அந்த வாசல் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டி மாத்திரை கேட்பவர்களையும் பார்த்திருக்கிறேன். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பது படுக்கையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. மாதாந்திர மாத்திரைக்கு அது உதவாது.

என் தேர்வு இதுதான்: பெயரும், சிகிச்சை விவரம் எழுதும் நோட்டும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டதாக இருக்கட்டும். மாதாந்திர மாத்திரையைத் தன்னார்வலரிடம் வாங்கலாம், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நிலையத்துக்குப் போய் ரத்தமும் சிறுநீரும் கொடுக்க வேண்டும். அங்கிருந்து சீட்டு எழுதி அனுப்பினால் மட்டும் ஹைகிரவுண்ட். எங்கே போனாலும் அதே நோட்டு, அதே மஞ்சள் பை; மருத்துவர் முன்னால் பையைக் கொட்டிக் காட்டவும் கூச்சப்படக் கூடாது. தனியார் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவு ஏழு மணிக்குத் திறந்திருப்பது அவர்கள்தானே. ஆனால் அந்தச் சீட்டும் இந்த நோட்டுக்குள் இருக்க வேண்டும்.

பெரியம்மா இப்போது நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீடி கட்டும் நூலால் சுற்றி வைத்திருக்கிறார். தனியார் அட்டையில் மீந்த ஆறு மாத்திரைகளை மட்டும் இன்னும் எறியவில்லை. காசு கொடுத்து வாங்கியதாம்.