தூசிப்பூச்சி ஆஸ்துமாவுக்குச் சொட்டா, ஊசியா?

எங்கள் குடும்பத்தில் இரண்டையும் பார்த்தாகிவிட்டது. பெங்களூர் ஜெயநகரில் இருக்கும் அக்கா ஊசி போட்டு மூன்று வருடக் கோர்ஸை முடித்தவள். நான் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் அப்பால், ஓசூர் ரோடு பக்கம். நாக்குக்கு அடியில் விடும் சொட்டு மருந்தில் எனக்கு இது 22ஆவது மாதம். சேலத்தில் சின்ன வயதில் எப்போதாவது வந்துபோன வீசிங், பெங்களூருக்கு வந்தபின் நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கும் அளவுக்கு இருவருக்குமே முற்றியது. ஸ்கின் டெஸ்டில் என் முன்கையில் வரிசையாகக் குத்தியதில், தூசிப்பூச்சிக்குக் குத்திய இடம் மட்டும் கொசு கடித்ததைவிடப் பெரிதாகத் தடித்தது.

கால் மில்லிமீட்டர் பூச்சி அது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதிலைத் தின்று மெத்தையிலும் தலையணையிலும் வாழ்கிறது. நம்மைப் படுத்துவது பெரும்பாலும் அதன் கழிவு. ஈரமும் மிதமான சூடும் உள்ள ஊர் அதற்குத் தோதானது. மெத்தைக்கு இறுக்கமான உறை, வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் படுக்கை விரிப்பு துவைப்பது, மருத்துவர் சொன்ன இன்ஹேலர் - எந்த வழியில் போனாலும் இவை மூன்றும் உண்டு.

இரண்டு சிகிச்சைக்கும் அடிப்படை ஒன்றுதான். எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லையோ அதன் சாற்றையே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்குகிறார்கள். பலன் தெரியவே சில மாதங்கள் ஆகும். குறைந்தது மூன்று வருடம் தொடர வேண்டும்.

ஊசிதான் மூத்தது. 1911இல் லண்டனில் லியோனார்ட் நூன் என்ற மருத்துவர் மகரந்த ஒவ்வாமைக்குப் போட்டு எழுதியதிலிருந்து தொடங்குகிறது. நாக்கடி மருந்தை ஊசிக்கு மாற்றாக உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை ஏற்றது 1998இல்தான். தூசிப்பூச்சி ஆஸ்துமாவுக்குப் பெரிய சான்று 2016இல் வந்தது. ஆஸ்துமா உள்ள 834 பெரியவர்களிடம் நாக்கடி மாத்திரையைச் சோதித்தார்கள். ஸ்டீராய்டு இன்ஹேலரைக் குறைத்துப் பின் நிறுத்திய சமயத்தில் ஆஸ்துமா மோசமாகும் ஆபத்து, மாத்திரை எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாக இருந்தது. மறு வருடமே ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டியில் அது இடம்பிடித்தது. மூக்கு ஒவ்வாமையும் சேர்ந்திருந்து, இன்ஹேலர் எடுத்தும் தொல்லை வந்து, ஊதிப் பார்க்கும் சோதனையில் 70 சதவீதத்துக்கு மேல் தேறும் பெரியவர்களுக்கு என்று நிபந்தனையோடு. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்தச் சோதனை, அளவு நிர்ணயித்த மாத்திரைக்கு நடந்தது. நான் எடுப்பது சொட்டு. சொட்டின் வீரியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் நடுவில் கம்பெனியை மாற்றாமல் பார்த்துக்கொள்கிறேன்.

பாதுகாப்பில் சொட்டு மேல். ஊசி போட்டபின் அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்கார வைப்பார்கள். அது வெறும் சம்பிரதாயம் இல்லை. அக்காவுக்கு ஒருமுறை இருபதாவது நிமிடத்தில் உள்ளங்கை அரித்துத் தொண்டை அடைத்தது. நர்ஸ் ஓடிவந்து அட்ரினலின் போட்டார். எனக்கு முதல் சொட்டைக் கிளினிக்கில் வைத்துத்தான் கொடுத்தார்கள். முதல் இரண்டு வாரம் நாக்கடியிலும் காதுக்குள்ளும் அரிப்பு, அப்புறம் அதுவும் போனது. வாயில் புண் இருந்தாலோ பல் பிடுங்கியிருந்தாலோ, ஆறும்வரை மருந்தை நிறுத்திவைக்க வேண்டும். இழுப்பு கட்டுக்குள் இல்லாதபோது இரண்டையுமே தொடங்கக்கூடாது.

எங்கள் இருவருக்கும் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. என் காப்பீட்டில் ஒரு ரூபாய்கூட வரவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: மூன்று வருடம் விடாமல் எது நடக்கும்?

ஊசிக்கு முதல் நாலைந்து மாதம் வாராவாரம், அப்புறம் மாதம் ஒருமுறை. ஏறக்குறைய 50 தடவை போக வேண்டும். எனக்கு நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலைத் தாண்டிப் போய், அரை மணி உட்கார்ந்து, திரும்பி வருவதற்குள் ஒரு தடவைக்கு மூன்று மணி நேரம் போய்விடும். மொத்தம் 150 மணி நேரம். சொட்டு தினம் இரண்டு நிமிடம், மூன்று வருடத்துக்கு 1,095 காலை, கூட்டினால் 36 மணி நேரம்தான். கணக்கு இவ்வளவு சுலபமாக இருக்கும்போது எல்லோரும் சொட்டைத்தானே முடிக்க வேண்டும்? நடந்தது நேர்மாறு. நெதர்லாந்தில் 6,486 பேர் மருந்துக்கடையில் வாங்கிய கணக்கைப் பார்த்து 2013இல் வந்த ஆய்வில், மூன்று வருடத்தை எட்டியவர்கள் ஊசியில் 100க்கு 23 பேர், நாக்கடி மருந்தில் 7 பேர்! ஊசிக்கு வரவில்லை என்றால் கிளினிக்கிலிருந்து போன் வரும். சொட்டை விட்டால் கேட்க ஆளில்லை. இதைப் படித்தபின் எனக்கே பயம் வந்தது. அக்காவும் அதையேதான் சொன்னாள்: "நீ மாத்திரையே பாதியில விடறவ, ஊசிக்குப் போயிடு."

ஆனால் அக்காவுக்கும் விட்டுப்போனது. அம்மாவின் ஆபரேஷனுக்காக ஏழு வாரம் சேலத்தில் இருந்துவிட்டு வந்தாள். அளவைக் குறைத்து, மறுபடி வாராவாரம் ஏற்றினார்கள். எனக்கு நடுவில் நாலு நாள் விட்டுப்போனபோது, ஐந்தாம் நாள் வழக்கம்போலத் தொடரச் சொன்னார் மருத்துவர். ஒரு வாரத்துக்கு மேல் போனால் மட்டும் கேட்டுவிட்டு ஆரம்பிக்கச் சொன்னார்.

மறதிக்கு நான் கண்ட வழி காபி. குப்பி ஃபிரிட்ஜில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரில் நிற்கிறது. டிகாக்‌ஷன் இறங்க வெந்நீர் ஊற்றியதும் பாலை எடுக்கும் கை குப்பியையும் எடுக்கும். சொட்டை விட்டு, நாக்கை அழுத்தாமல் தலை குனிந்து 120 எண்ணி விழுங்குவேன். அந்த நேரத்தில் பையன் ஏதாவது கேட்டால் விரலைத்தான் காட்டுவேன், அவனுக்கும் பழகிவிட்டது. பால் காய்ந்து காபி கலந்து முடிவதற்குள், எதுவும் குடிக்கக்கூடாத நேரமும் தாண்டிவிடும். பல் தேய்ப்பதோடு சேர்த்துப் பார்த்தபோது பாதி நாள் மறந்தது. காபியோடு சேர்த்தபின் மறந்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஆறாவது மாதத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. முன்பு மழைக்காலத்தில் வாரம் இரண்டு மூன்று ராத்திரி அவசர இன்ஹேலரைத் தேடுவேன். இந்த மழைக்கு மொத்தமே இரண்டு தடவை. ஸ்டீராய்டு இன்ஹேலரின் அளவையும் மருத்துவர் பாதியாக்கிவிட்டார். சொட்டோடு உறையும் வெந்நீரும் சேர்ந்த பலன் இது, தனியாகப் பிரித்துச் சொல்ல மாட்டேன். ஊசியை முடித்து ஒன்றரை வருடமான அக்காவும் நன்றாகத்தான் இருக்கிறாள். நிறுத்திய பிறகு வரும் காலத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. குழந்தைகளுக்கு எது என்று கேட்டால், வீட்டு அனுபவமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

கிளினிக் நடக்கிற தூரத்தில் இருந்து, தினசரி மருந்து எதுவும் நிலைக்காத சுபாவமாக இருந்தால் ஊசிக்கே போங்கள். அக்காவுக்கு அதுதான் பொருந்தியது. அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள், அலுவலகத்தில் பாதி நாள் லீவு கிடைக்காதவர்கள் சொட்டைக் கேட்டுப் பாருங்கள். என் சொட்டு 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. சேலம் ரயில் ஏறும்போது வாயகன்ற ஃபிளாஸ்க்கில் ஐஸ் கட்டி போட்டு, குப்பியைத் துணியில் சுற்றி ஐஸில் நேராகப் படாமல் வைக்கிறேன். ஊர் போய்ச் சேரும்வரை சில்லென்று இருக்கிறது.