ஓநாயைப் பார்க்க நடப்பதா, உட்கார்ந்திருப்பதா?

காட்டில் ஓநாயைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் ஒற்றையடிப் பாதையில் நாள் முழுக்க நடக்கலாம். இல்லை, காட்டோரத்தில் ஒரு திறந்தவெளியைப் பார்த்தபடி பைனாகுலரோடு உட்கார்ந்திருக்கலாம். நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்றால் உட்காருங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் நடப்பவருக்குக் கிடைப்பதும் குறைந்ததல்ல.

நடப்பதில் முதல் சிக்கல் நம் சத்தம். பல கிலோமீட்டர் தள்ளிக் கேட்கும் ஊளையையே பிடித்துவிடும் காதுக்குச் சருகில் பூட்ஸ் மிதிபடுவது தப்புமா? காற்று நம் முதுகிலிருந்து வீசினால் வாசனையும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். போதாததற்கு, ஓநாய் ஒரே நாளில் 20 கிலோமீட்டருக்கு மேல் சர்வசாதாரணமாகப் போகும். பின்னாலேயே போய் எட்டிப் பிடிக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

சரி, நடப்பவருக்கு என்ன கிடைக்கும்? தடம். ஈர மண்ணிலோ பனியிலோ வளர்ந்த ஓநாயின் முன்னங்கால் தடம் ஏறக்குறைய 10 முதல் 12 செ.மீ. நீளம் இருக்கும். பெரிய நாயின் தடமும் அந்த அளவுக்கு வரும் என்பதால் ஒற்றைத் தடத்தை வைத்து முடிவுகட்டாதீர்கள், கொஞ்ச தூரம் தொடர்ந்து பாருங்கள். நாய் அங்கேயும் இங்கேயும் மோந்துகொண்டு வளைந்து வளைந்து போயிருக்கும். ஓநாயோ பின்னங்காலை முன்னங்கால் பதிந்த குழியிலேயே வைத்து, நூல் பிடித்ததுபோல் நேராகப் போகும். பனியில் ஒரு கூட்டமே இப்படி வரிசையாகப் போனால் ஒரே விலங்கு போன மாதிரிதான் தெரியும். ஏதாவது ஒரு திருப்பத்தில் தடங்கள் பிரியும்போதுதான் எத்தனை என்று எண்ண முடியும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் சந்தோஷம், தூரத்தில் ஒரு ஓநாயைப் பார்ப்பதற்குக் கொஞ்சமும் குறையாது. பாதைகள் சந்திக்கும் இடங்களில் ரோமமும் எலும்புத் துண்டும் கலந்த ஓநாய் மலம் கிடக்கும். நாடாப்புழு முட்டைகள் இருக்கலாம், கையால் தொட வேண்டாம்.

உட்காருகிறவர் விடியலுக்கு முன்பே இடம்பிடித்துவிட வேண்டும், காற்று முகத்தில் படும்படி. அந்தி நேரமும் பரவாயில்லை, ஆனால் வெளிச்சம் ஏமாற்றிவிடும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995, 1996 ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே லாமார் பள்ளத்தாக்கில் மக்கள் சாலையோரமாகவே தொலைநோக்கி வைத்துக் காத்திருந்து ஓநாய்களைப் பார்க்கிறார்கள். திறந்த புல்வெளி என்பதால்தான் அது முடிகிறது. அடர்ந்த காட்டுக்குள் உட்கார்ந்தால் மரத்தைத்தான் பார்க்கலாம்.

நாம் அசையாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் பறவைகள் பழையபடி இரைதேட ஆரம்பிக்கும், நரியோ முயலோ வெளியே வரும். மேய்ந்துகொண்டிருக்கும் மான்கள் எல்லாம் ஒரே பக்கம் தலை தூக்கினால் அந்தப் பக்கம் பாருங்கள். அண்டங்காக்கைகள் ஓரிடத்தில் வட்டமிட்டு இறங்கினால் அங்கே இரை விழுந்திருக்கலாம், ஓநாய் திரும்பவும் வரலாம்.

பருவம் என்று வந்தால் குளிர்காலம்தான். இலை உதிர்ந்து கண்ணுக்கு வழிவிடும், தடமும் பதியும், இணைசேரும் காலம் என்பதால் ஊளையும் அதிகம். வசந்தத்தில் குட்டி இருக்கும் பொந்துப் பக்கம் போகவே கூடாது. தொந்தரவு செய்தால் தாய் குட்டிகளை வேறிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக நேரிடும்.

நான் சொல்வது, விடியலில் உட்காருங்கள், வெயில் ஏறியதும் தடம் தேடி நடங்கள். அப்புறம், பாதையில் ஓநாய் எதிரே நின்றுவிட்டால் ஓடாதீர்கள். அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள், கிட்டே வந்தால் உரக்கக் கத்துங்கள். கூட வந்த நாயைக் கயிற்றோடு பக்கத்திலேயே இழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.