பாலாற்று முகத்துவாரத்தில் ஏழு ஆண்டுகள்: ஒரு சிறிய மோட்டார் படகின் பயன்பாட்டு அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் பம்பு மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கும் நான், 2018ஆம் ஆண்டு 9.9 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார், அதாவது படகின் பின்பக்கத்தில் வெளியே மாட்டும் மோட்டார் ஒன்றை வாங்கினேன். அதைப் பொருத்தியிருக்கும் 18 அடி ஃபைபர் படகு, பாலாறு கடலில் சேரும் வயலூருக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் வசிக்கும் மீனவ அண்ணனுக்குச் சொந்தமானது. மீன்வளத் துறைப் பதிவும் அவர் பெயரில்தான் இருக்கிறது. மாதத்தில் இரண்டு முறை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாக இரவே போய்ச் சேர்ந்து, விடியும் முன் அவரோடு கடலில் இறங்குகிறேன்.

மோட்டாரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழு வேகத்தில் மணிக்கு நான்கு லிட்டர் பெட்ரோல் குடிக்கிறது. ஒவ்வொரு முறை திரும்பியதும் நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் கால் மணி நேரம் ஓடவிட்டு உப்பைக் கழுவுகிறேன். உப்பு நீரில் மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தேயும் துத்தநாகக் கட்டியை ஆண்டுக்கு ஒரு முறையும், குளிர்நீர் பம்பில் நீரைத் தள்ளும் சிறு சக்கரமான இம்பெல்லரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் மாற்றுகிறேன். மோட்டாரைக் குளிர்வித்துவிட்டுப் பக்கவாட்டில் பீய்ச்சும் நீர்த்தாரை மெலிந்தால் உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்தால் இயந்திரம் உழைக்கிறது.

கடல்தான் வேறு பாடம். கரையில் நின்று பார்க்கும்போது இறங்கலாமா என்பதைத்தான் தொடக்கத்தில் நான் கவனித்தேன்; திரும்பும் நேரத்தில் கடல் எப்படி இருக்கும் என்று கணக்கிடப் பழகுவதற்கு எனக்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன.

ஆனி, ஆடி மாதங்களில் விடியற்காலையில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அப்போது கரையோரக் கடல் தட்டுப் போலத் தெரியும். அந்த அமைதிக்குக் காரணம், காற்று எழுப்பும் அலை வளர்வதற்குக் கரையருகே தூரம் இல்லாததுதான். வெளியே போகப் போக அதே காற்று அலையை உயர்த்திக்கொண்டே போகும். போகும்போது காற்று முதுகில் தள்ளுவதால் பெட்ரோலும் குறைவாகவே செலவாகும். முற்பகலில் காற்று ஓய்ந்து, நண்பகலை ஒட்டித் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று எழும்போது, தெற்கிலிருந்து வடக்கே ஓடும், மீனவர்கள் தெண்டி வெள்ளம் என்று சொல்லும் கடல் நீரோட்டமும் சேர்ந்துகொண்டு, நாம் இறங்கிய குப்பத்துக்கு நேரே வரவிடாமல் படகை வடக்கே கொண்டுபோகிறது. 24 லிட்டர் டேங்கில் போவதற்கு எட்டு, வருவதற்கு எட்டு, கைவைக்காத எட்டு என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கம் இதனால் வந்தது. வருவதற்கான எட்டு போதாமல் போன நாட்கள் உண்டு.

2022 ஜூலையில் ஒரு காலை, கரையிலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில் மோட்டார் நின்றது. கச்சான் காற்று இன்னும் அடங்கவில்லை. படகு நேராகக் கடலுக்குள் ஒதுங்கிக்கொண்டிருந்தது. ஆழம் எட்டுப் பாகம், ஏறக்குறைய 14 மீட்டர். நங்கூரத்தைப் போட்டு, என்னிடம் இருந்த 30 மீட்டர் கயிறு முழுவதையும் விட்டேன். கயிற்றைப் பிடித்திருந்த உள்ளங்கையில் ஒரு நடுக்கம் விட்டு விட்டு வந்தது; கீழே நங்கூரம் பிடிக்காமல் மணலில் இழுபடுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. கரையில் இருந்த சவுக்குத் தோப்பு கோடாக மெலிந்துகொண்டே போனது.

"கயிறு பத்தல தம்பி, பிடிக்காது. வலைக்கயித்த முடிஞ்சி விடு" என்றார் அண்ணன். இன்னும் 40 மீட்டர் கூட்டி விட்டதும் நடுக்கம் நின்றது. படகின் முன்முனையான அணியம் காற்றை நோக்கித் திரும்பி அசையாமல் நின்றது. கயிறு குறைவாக இருந்தால் நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும். ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது இருந்தால்தான் தரையை ஒட்டிப் படுக்கையாக இழுத்து, அதன் கொக்கியை மணலில் புதைக்கும். அதன் பிறகு கார்புரேட்டரின் அடித் திருகைக் கழற்றினேன். பெட்ரோலுக்குக் கீழே தனி அடுக்காக நீர் நின்றது. எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். பட்டறையில் இரண்டு மாதம் கிடந்த எரிபொருளை அப்படியே கொண்டுபோனது என் தவறு. வடித்துவிட்டு, கேனில் இருந்த புதிய பெட்ரோலை இணைத்ததும் மோட்டார் பிடித்துக்கொண்டது. அன்று முதல் கல்பாக்கம் வந்த பிறகுதான் டேங்கை நிரப்புகிறேன்.

முகத்துவாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி அது மணல் திட்டால் அடைபட்டே கிடக்கும். 2021 நவம்பரில் வேலூர்ப் பாலத்தில் நின்று, கரைபுரண்டு ஓடிய பாலாற்றைக் கண்குளிரப் பார்த்தேன். மூன்று வாரம் கழித்து அதே தண்ணீரைக் கடலோரத்தில் பார்த்தபோது அச்சமாக இருந்தது. வெளியே பாயும் ஆற்று வேகமும் உள்ளே வரும் அலையும் மோதும் இடத்தில் அலைகள் நெருக்கமாகவும் செங்குத்தாகவும் நிமிர்ந்து நின்றன. செம்மண் நீரில் மூழ்கியும் மூழ்காமலும் மரத்துண்டுகள் மிதந்து வந்தன. அந்தப் பருவம் முழுவதும் நாங்கள் அங்கே படகு இறக்கவில்லை.

கைப்பேசியில் வரும் முன்னறிவிப்பை வேலூரிலேயே பார்த்துவிடுகிறேன். ஐதராபாத்தில் உள்ள, கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் நிறுவனம் சிறு படகுகளுக்கென்றே எச்சரிக்கை வெளியிடுகிறது. அதில் அலை உயரம் ஒரு மீட்டர் என்று இருந்தால், அது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. இடையிடையே இரண்டு மீட்டரை நெருங்கும் அலையும் வரும். காற்று 15 நாட் (மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர்) வேகத்தைத் தாண்டும் என்றால் நாங்கள் இறங்குவதில்லை. உள்ளூரில் காற்றே இல்லாமல் தொலைதூரப் புயலிலிருந்து வரும் நெடிய அலைகளுக்கும் தனி எச்சரிக்கை உண்டு; அமைதியான காலையில் அதை எளிதில் நம்ப மனம் வராது என்பதால் அதைத்தான் கூடுதலாக மதிக்கிறேன்.

கரையேறும் கடைசி 100 மீட்டர்தான் நாளின் கடினமான வேலை. அலையின் முதுகிலேயே தொடர்ந்து வா, அதன் முகத்தில் சறுக்காதே என்று எல்லோரும் சொல்வார்கள். முகத்தில் சறுக்கினால் அணியம் குத்தி, படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழும். ஆனால் இரண்டு மீட்டர் ஆழத்தில் அலை மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. எங்கள் படகின் முழு வேகமே 13தான். எனவே அலை உடையும் இடத்துக்கு வெளியிலேயே அணியத்தைக் கடல் பக்கம் திருப்பி நிறுத்தி, கூட்டமாக வரும் பெரிய அலைகளை எண்ணிக் கழியவிட்டு, கடைசி அலை கடந்ததும் படகைத் திருப்பி அதன் பின்னாலேயே முழு வேகத்தில் ஓடுகிறோம். அடுத்தது எட்டிப் பிடிப்பதற்குள் மணல் தட்டிவிடும். இந்த நேரத்தில் நான் தவறி விழுந்தால் இழுபட்டு மோட்டாரை நிறுத்தும் சுருள் கயிறு என் மணிக்கட்டில் கட்டாயம் இருக்கும். உயிர்காப்புச் சட்டையைக் கரையில் இறங்கிய பிறகுதான் கழற்றுவோம்.

இன்று வாங்குவதாக இருந்தால் 15 குதிரைத்திறன் மோட்டாரைத்தான் வாங்குவேன். எடை பெரிதாக அதிகரிக்காது. அலைக்கும் படகுக்கும் உள்ள அந்த மூன்று கிலோமீட்டர் வேக இடைவெளி குறையும். நங்கூரக் கயிறு இப்போது 80 மீட்டர். முனையில் மூன்று மீட்டர் சங்கிலி இருக்கிறது. ஐந்து பாகத்துக்கு ஒரு சிவப்புத் துணியை முடிந்திருக்கிறேன். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 ஆகிய எண்களைப் படகின் உள்பக்கத்தில் பெயின்ட்டால் எழுதியாயிற்று. கைப்பேசிக் கோபுரம் எட்டாத தூரத்துக்காக, கடலில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் பேசக்கூடிய கையடக்க விஎச்எஃப் வானொலிக் கருவி ஒன்றை அடுத்து வாங்க வேண்டும்.