தொலைதூர இணைப்புக்கு டி-ஸ்டாரா, டிஎம்ஆரா?

ஹாம் வானொலியில் (பொழுதுபோக்கு அமெச்சூர் வானொலி), சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையங்களான டிஜிட்டல் ரிப்பீட்டர்களை இணையம்வழி இணைத்துப் பேச விரும்புவோர் பலர் டி-ஸ்டார், டிஎம்ஆர் என்னும் இரு டிஜிட்டல் குரல் முறைகளுக்கும் இடையே தயங்குகிறார்கள்.

செலவு: டிஎம்ஆர், வணிகப் பயன்பாட்டுக்கும் உரிய ஐரோப்பியத் தரம் என்பதால் மலிவான கைக்கருவிகள் ஏராளம், ஜப்பானிய அமெச்சூர் வானொலிக் கழகம் உருவாக்கிய டி-ஸ்டாருக்குக் கருவி செய்வோர் மிகச் சிலரே.

அலைவரிசை: டிஎம்ஆர் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகல அலைவரிசையை 30 மில்லிநொடித் துண்டுகளாக இரு பேச்சுகளுக்கு மாறிமாறிப் பகிர்வதால், ஒன்றில் உள்ளூர்ப் பேச்சும் மற்றொன்றில் வெளிநாட்டு இணைப்பும் ஒரே வேளையில் நடக்கும். டி-ஸ்டாரிலோ, ரிஃப்ளெக்டருடன் (பல ரிப்பீட்டர்களை இணையம்வழி ஒன்றுசேர்க்கும் சர்வர்) இணைத்தபின் உள்ளூர்க்காரரும் அதையே கேட்டாக வேண்டும்.

எளிமை: டி-ஸ்டாரில் ரிஃப்ளெக்டர் பெயருடன் இணைப்புக் கட்டளையை இலக்கு அழைப்புக்குறியாக (யாரை அழைக்கிறோம் என்று கருவியில் இடும் அடையாளம்) இட்டு, பேசும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும், டிஎம்ஆருக்குக் கோட்பிளக் (கருவியில் ஏற்ற வேண்டிய அமைப்புக் கோப்பு) எழுதுவது, முதன்முறை ஒரு மாலைப்பொழுதையே விழுங்கிவிடும்.

நெரிசலான ரிப்பீட்டருக்கும் சிறு பட்ஜெட்டுக்கும் டிஎம்ஆர். அழைப்புக்குறியையே முகவரியாக்கிப் பேச விரும்புவோருக்கு டி-ஸ்டார். எதுவாயினும், அருகிலுள்ள ரிப்பீட்டர் எந்த வகை என்பதை முதலில் பாருங்கள்.